பட்டு எத்தனை, அரோகரா எத்தனை

அன்று மைதானத்தில் இருந்தவர்கள்: எங்கள் கேப்டன், என் அக்கா வீட்டுக்காரர், எனக்குப் பாவா. மலைக்கோயிலில் பக்தர்களுக்கு மொட்டை போடுகிறவர், எங்கள் விக்கெட் கீப்பர். பஸ் கண்டக்டர், வேகமாகப் பந்து போடுகிறவர். பாதிரியார் மகன், அவனும் வேகம்தான், இடது கை. பொதட்டூர்பேட்டைத் தறிக்காரர்கள் ஐந்து பேர். மணவூரிலிருந்து ரயிலில் வந்த அண்ணன் தம்பி இருவர். கடைசியாக நான்.

பன்னிரண்டு பேர். பதினொரு பேர்தான் இறங்க முடியும். கண்டக்டருக்கு லீவு கிடைக்காது என்று நினைத்திருந்தோம். கிடைத்துவிட்டது.

எதிரே அரக்கோணத்து டீம். அவர்களை நாங்கள் ஜெயித்ததே இல்லை. வாரம் முழுக்கத் தறியில் உட்கார்ந்திருந்தாலும் என் நினைப்பு இந்த ஆட்டத்தில்தான்.

பாவா என்னைப் பார்த்தார். "நீ உக்காரு."

நான் மாற்று பௌலர். வேகமாகப் போடுகிற அந்த இரண்டு பேரும் களைத்தால்தான் என் கைக்குப் பந்து வரும். விக்கெட் கணக்கில் நான் கடைசி. ஓரமாக உட்காரப் போனேன்.

கீப்பர்தான் வாயைத் திறந்தார். "விக்கெட்ட வுடுப்பா. பட்டு கணக்கு பாரு."

பாவா வீட்டில் பேசுவது தெலுங்கு. பந்து மேலே போனால் "பட்டு, பட்டு" என்று கத்துவார். பிடி என்று அர்த்தம். முதல் தடவை அதைக் கேட்ட தறிக்காரர் ஒருவர், பந்து பேட்டில் பட்டது என்று சொல்வதாக நினைத்தார். அம்பயரைப் பார்த்துக் கை தூக்கினார். பந்து அவர் முதுகுக்குப் பின்னால் விழுந்தது. அதிலிருந்து எங்களுக்குக் கேட்ச் என்றால் பட்டு. "நெய்யறது லுங்கி, புடிக்கறது பட்டு" என்று கிண்டல் வேறு. கோட்டைவிட்டால் அரோகரா. அது கீப்பர் வைத்த பேர். மலைமேல் நாள் முழுக்க அவர் காதில் விழுவது அதுதான்.

பாவா கேட்டார். "கண்டக்டரு?"

"பட்டு ரெண்டு. அரோகரா நாலு," என்றார் கீப்பர்.

"மூணுதான்," என்றார் கண்டக்டர்.

"சில்ற பாக்கிய எறங்கும்போது வாங்கிக்கோ. சர்ச்சு புள்ள, பட்டு மூணு, அரோகரா ரெண்டு. இவன் பட்டு அஞ்சு. அரோகரா இல்ல."

பாதிரியார் மகனுக்குக் கோபம். "இவன் எப்பவோ ஒரு ஓவர் போடறான். காலையிலேர்ந்து ஓடி ஓடி பந்து போடறவனுக்குக் கேட்ச்சு புடிக்கக் காலு நிக்குமா?"

அதுவும் நியாயம்தான்.

"கண்டக்டர் வேகம் வேணும். நீ உக்காரு," என்றார் பாவா அவனிடம். அப்புறம் என் பக்கம் திரும்பினார். "நீ ஒண்ணு வுட்டாலும் அடுத்த மேட்ச்சுலேர்ந்து அவன்தான். நீ வீட்டோட இரு."

"ஆங்" என்றேன்.

பாதிரியார் மகன் ஷூவைக் கழற்றினான். "எனக்காக ஒண்ணே ஒண்ணு வுடுடா மச்சான்."

"ஜெபம் பண்ணிக்கோ," என்றார் கீப்பர்.

சாயங்காலம் அவர்களுக்கு இன்னும் மூன்று ரன் வேண்டும். ஒரு விக்கெட் பாக்கி. கண்டக்டருக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. பந்து என் கைக்கு வந்தது. நெஞ்சு தறி மாதிரி அடித்தது.

போட்டேன். தூக்கி அடித்தான். பந்து என் தலைக்கு நேர் மேலே போனது. எதிரிலிருந்து கண்டக்டர் நொண்டிக்கொண்டே ஓடி வந்தார். "எனக்கு, எனக்கு!" பாவா "பட்டு, பட்டு" என்று கத்துகிறார். அதே நேரம் மலை ரோட்டில் காவடிக்காரர்கள் பஸ் ஒன்று ஏறியது. பஸ் முழுக்க ஒரே குரல். "அரோகரா!"

பாதிரியார் மகன் எல்லைக் கோட்டில் எழுந்து நின்றது கண்ணில் பட்டது. அப்புறம் பந்தைத் தவிர எதையும் பார்க்கவில்லை.

கார்க் பந்து. உள்ளங்கை எரிந்தது. கண்டக்டர் மேலே வந்து மோதினார். இருவரும் விழுந்தோம். மண்ணில் கிடந்தபடியே கையைத் திறந்து பார்த்தேன். பந்து இருந்தது.

முதலில் ஓடி வந்து தூக்கியது பாதிரியார் மகன்தான். வெறுங்காலோடு வந்திருந்தான். "பஸ்ஸு நெறைய ஆளு வந்து அரோகரா போட்டும் வுடலியேடா நீ," என்றான்.

தறிக்காரர்கள் என்னைத் தோளில் ஏற்றினார்கள். கீழே நின்று கீப்பர் என் கணக்கை எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்.

பட்டு ஆறு. அரோகரா சைபர்.