ஃப்ரிட்ஜ் ஓடாது என்று சொன்னேன்

ஓய்வு பெற்ற பிறகு என் கணவர் வாங்கிய முதல் சாமான் ஒரு பேட்டரிப் பெட்டி. சுவர் பிளக்கில் மாட்டி சார்ஜ் ஏற்றி வைத்துக்கொண்டால், கரண்ட் இல்லாதபோது வீட்டுச் சாமான்களை அதில் செருகி ஓட்டலாம். மேலே ஒரு கைப்பிடி உண்டு, ஆனால் எங்கள் வயதுக்குத் தூக்க இரண்டு பேர் வேண்டும். கல்கத்தாவில் டாலிகஞ்சில் நாங்கள் இருந்தது வாடகை வீடு, இரண்டாவது மாடி. இன்வர்ட்டர் வைக்கலாமா என்று கேட்டதற்கு, பழைய கட்டடம், ஒயரிங்கில் கை வைக்க வேண்டாம் என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். அதனால்தான் இந்தப் பெட்டி.

வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில் அதை ஹால் நடுவில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்.

"வீட்டுல இருக்கற ஒவ்வொண்ணையும் இதுல போட்டுப் பாத்துரணும். புயல் வந்தப்புறம் எது ஓடும் எது ஓடாதுன்னு முழிச்சிட்டு நிக்கக் கூடாது" என்றார்.

டேபிள் ஃபேன் ஓடியது. டிவி ஓடியது. மிக்ஸியில் தேங்காயைப் போட்டு அரைக்கச் சொன்னார், அதுவும் ஓடியது, பெட்டிக்குள் இருந்த குட்டி ஃபேன் மட்டும் இரைந்தது. முன்பக்கத் திரையில் எத்தனை வாட் இழுக்கிறது, எத்தனை சதவீதம் மிச்சம் என்று எண்கள் மாறிக்கொண்டே இருந்தன. வேலையை விட்டபின் அவர் முகத்தில் அவ்வளவு சுறுசுறுப்பை நான் பார்க்கவில்லை.

அந்த நேரத்தில்தான் கீழ் வீட்டுப் பௌதி வந்தார். பௌதி என்றால் அண்ணி. அக்கம்பக்கத்துப் பெண்களை இங்கே அப்படித்தான் கூப்பிடுவது. அவர் என் கணவரை தாதா, அதாவது அண்ணா என்றும், என்னை திதி, அதாவது அக்கா என்றும் கூப்பிடுவார். அவருக்கும் என் வயதுதான் இருக்கும், ஐம்பத்தைந்து. கணவர் சினிமா ஸ்டுடியோவில் லைட் போடும் வேலையில் இருந்து இறந்துபோனவர். பௌதி வீட்டிலேயே சமைத்து, சின்னச் சின்ன விசேஷங்களுக்கு அனுப்பிப் பிழைத்துக்கொண்டிருந்தார். அன்று ஒரு கிண்ணத்தில் சட்னி கொண்டுவந்திருந்தார், தக்காளியும் பேரீச்சம்பழமும் போட்டு அவர்கள் செய்யும் இனிப்புச் சட்னி. என்ன நடக்கிறது என்று கேட்டு, கிண்ணத்தைக் கையில் வைத்தபடியே எங்களோடு உட்கார்ந்துவிட்டார்.

இஸ்திரிப் பெட்டியைப் போட்டதும் கீச்சென்று ஒரு சத்தம் வந்து எல்லாம் நின்றுபோனது. என் கணவர் சற்று வாடிப்போனார். பௌதி சிரித்தார்.

"சூடு பண்ற சாமான் எல்லாம் அப்படித்தான் தாதா. அவர் சொல்லுவார். மோட்டார் உள்ளது ஆரம்பிக்கும்போது மட்டும் பலமா இழுக்கும், அப்புறம் அடங்கிடும். ஃப்ரிட்ஜைப் போட்டுப் பாருங்க."

மூன்று பேருமாக ஃப்ரிட்ஜை முன்னால் நகர்த்தினோம். ஒயர் எட்டவில்லை, பெட்டியை அடுக்களைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். பெட்டியின் ஒரு பக்கத்தைப் பௌதிதான் பிடித்தார். சொருகியதும் எண் சட்டென்று ஏறி, பயமுறுத்தி, பிறகு இறங்கி நின்றது. பௌதி குனிந்து திரையைப் படித்தார். "ஓடுது" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். அரை மணி நேரம் ஓடவிட்டோம். நான் போட்ட டீயை மூவரும் அந்த ஃப்ரிட்ஜுக்கு எதிரிலேயே நின்று குடித்தோம்.

அடுத்த வருடம் மே மாதம் புயல் வந்தது. என் கணவர் அப்போது திருச்சியில் இருந்தார், தங்கைக்கு உடம்பு சரியில்லை என்று போயிருந்தார். ஃப்ளைட்டெல்லாம் ரத்து. நான் வீட்டில் தனி.

ராத்திரி முழுக்க அடித்த காற்றில் தெருக்கோடியில் இருந்த பெரிய மரம் சாய்ந்து ஒயர்களையும் இழுத்துக்கொண்டு விழுந்தது. மறுநாள் மழை விட்டுவிட்டது, கரண்ட் மட்டும் வரவில்லை. மோட்டார் ஓடாததால் குழாயில் தண்ணீர் இல்லை. பகல் முழுக்க கட்டடத்தில் இருந்த எல்லோரும் ஃபோனைச் சார்ஜ் போட என் வீட்டுக்குத்தான் வந்தார்கள். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. இரவு ஃபேனையும் ஒரு விளக்கையும் போட்டுக்கொண்டு படுத்தேன். இருட்டில் தனியாக இருக்க எனக்குச் சின்ன வயதிலிருந்தே பயம். இந்த வயதில் அதை யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியாது.

இரண்டாம் நாள் காலையில் திரையில் நாற்பத்தொன்று என்று இருந்தது. கரண்ட் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியவில்லை. இன்னும் நான்கு நாள் ஆகும் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள்.

பத்து மணி சுமாருக்குப் பௌதி வந்தார். தோளில் தடிமனான கறுப்பு ஒயர் ஒன்றைச் சுருட்டிப் போட்டிருந்தார். அது அவர் கணவர் ஸ்டுடியோவில் வைத்திருந்தது. படியேறி வந்ததில் மூச்சு வாங்கியது.

"திதி, ஒரு உதவி. நாளைக்கு மத்தியானம் காளிகாட்ல ஒரு வீட்டுக்குச் சாப்பாடு அனுப்பணும். துக்கம் முடிஞ்சு முதல்ல மீன் சாப்பிடற விருந்து. புயல் வந்தா மீன் கிடைக்காதுன்னு முந்தியே வாங்கி, மஞ்சள் தடவி வெச்சிட்டேன். ஐஸெல்லாம் கரைய ஆரம்பிச்சிடுச்சு. கடையில எங்கயும் ஐஸ் இல்ல. ரெண்டு மணி நேரம் என் ஃப்ரிட்ஜுக்குக் குடுத்தா போதும், மறுபடி இறுகிடும். பெட்டியைத் தூக்க வேண்டாம், இந்த ஒயரைப் படிக்கட்டு வழியா விட்டுடலாம்."

எனக்கு அந்த நாற்பத்தொன்றுதான் கண் முன்னால் நின்றது. இரண்டு மணி நேரம் அவருக்குக் கொடுத்தால் எவ்வளவு குறையும், ராத்திரிக்கு என்ன மிஞ்சும், நாளைக்கு ராத்திரிக்கு என்ன மிஞ்சும் என்று மனசு ஓடியது. பயமாக இருக்கிறது, ராத்திரிக்கு வேண்டும் என்று சொல்லியிருக்கலாம். ஒரு மணி நேரம் மட்டும் என்றாவது சொல்லியிருக்கலாம். அவர் ஒத்துக்கொண்டிருப்பார்.

"ஃப்ரிட்ஜ் இதுல ஓடாது பௌதி. நின்னுபோயிடும்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு என் தோளுக்குப் பின்னால், ஹாலில் இருந்த பெட்டியைப் பார்த்தார்.

"ஓடாதா?"

"ஓடாது."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வந்துவிட்டது. அதற்கு முன்னால் வரவில்லை என்று சத்தியமாகச் சொல்ல முடியுமா, தெரியவில்லை. ஒருவேளை வந்திருக்கலாம், நான் ஒதுக்கியிருக்கலாம். எப்படியோ, சொன்னது சொன்னதுதான். நான் திருத்திக்கொள்ளவில்லை.

"சரி திதி" என்றார். நழுவிய ஒயரைத் தோளில் சரி பண்ணிக்கொண்டு இறங்கிப் போனார். கோபமாகப் போயிருந்தால் நானும் ஏதாவது கோபமாக நினைத்துக்கொண்டிருப்பேன்.

மத்தியானம் கீழேயிருந்து கடுகெண்ணெயில் மீன் பொரிக்கும் வாசனை வந்தது. எல்லாவற்றையும் பொரித்துவிட்டால் ஒரு நாள் தாங்கும் என்று நினைத்திருக்க வேண்டும். அந்தப் புழுக்கத்தில் சாயங்காலம் வரை அடுப்பு முன்னால் நின்றிருக்கிறார். ராத்திரி நான் ஃபேனைப் போட்டுக்கொண்டுதான் படுத்தேன். விளக்கையும் அணைக்கவில்லை. ஆனால் தூங்கவில்லை.

மூன்றாம் நாள் காலையில் பால்கனியிலிருந்து பார்த்தேன். பௌதி இரண்டு கையிலும் வாளியைப் பிடித்துக்கொண்டு தெருமுனைக் குப்பைத்தொட்டிக்குப் போனார். ஒரு முறை போய் வந்து, மறுபடியும் போனார். பொரித்தும் தாங்கவில்லை. அவர் நிமிர்ந்து பார்ப்பதற்குள் நான் உள்ளே வந்துவிட்டேன்.

அன்று பகல் ஒரு மணிக்குக் கரண்ட் வந்தது. பெட்டியில் பத்தொன்பது மிச்சம் இருந்தது.

அடுத்த வாரம் என் கணவர் திரும்பி வந்தார். பையை வைத்ததும் பெட்டியைப் பற்றித்தான் கேட்டார். பத்தொன்பது மிச்சம் வைத்தேன் என்றதும் அவருக்கு ஒரே சந்தோஷம். "மூணு நாளைக்கு இழுத்துப் பிடிச்சிருக்கியே. பரவாயில்லயே நீ" என்றார். நான் காப்பி போடப் போய்விட்டேன்.

இரண்டு நாள் கழித்து நாங்கள் கடைக்குக் கிளம்பும்போது படிக்கட்டின் அடியில் பௌதி எதிர்ப்பட்டார். என் கணவருக்கு அதற்குள் யாரோ மீன் கெட்டுப்போன விஷயத்தைச் சொல்லியிருந்தார்கள்.

"என்ன பௌதி, மேலதான் நம்ம பெட்டி இருக்கே. ஃப்ரிட்ஜ் ஓடும்னு நீங்களேதானே அன்னிக்குச் சொன்னீங்க. ஒரு வார்த்தை கேட்டிருந்தா இவ குடுத்திருப்பாளே" என்றார் அவர்.

நான் கையிலிருந்த பையைப் பிரித்து மறுபடி மடித்தேன்.

பௌதி என் பக்கம் திரும்பவேயில்லை. "அந்தப் பதட்டத்துல எனக்குத் தோணவே இல்ல தாதா" என்றார்.

"அடடா" என்றார் என் கணவர். கடைக்குப் போகும் வழியெல்லாம், பாவம், தோணாமல் போய்விட்டதே என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

அந்தக் காளிகாட் வீட்டுக்காரர்கள் கடைசி நேரத்தில் வேறு எங்கோ சாப்பாடு ஏற்பாடு செய்துகொண்டார்களாம். அவர்கள் மூலமாக வந்துகொண்டிருந்த மற்ற வீடுகளும் நின்றுபோனதாகக் கேள்வி. அதற்கு வேறு காரணமும் இருந்திருக்கலாம். நான் விசாரிக்கவில்லை. ஒரு நாள் காலையில் இட்லியும் சாம்பாரும் எடுத்துக்கொண்டு கீழே போனேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். பௌதி வாசலிலேயே பாத்திரத்தை வாங்கிக்கொண்டு, சோறு அடுப்பில் இருக்கிறது என்றார். உள்ளே வாங்க என்று சொல்லவில்லை. சாயங்காலம் பாத்திரத்தைக் கழுவி, பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கொடுத்தனுப்பினார். முன்பெல்லாம் காலிப் பாத்திரம் திரும்பி வந்ததே இல்லை.

துர்கா பூஜைக்கு முன்னால் அவர் வீட்டைக் காலி செய்தார். பாராசத்தில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போவதாகச் சொன்னார்கள். சாமான்களை வேனில் ஏற்றியபிறகு எல்லா வீட்டுக்கும் போய்ச் சொல்லிக்கொண்டார், எங்கள் வீட்டுக்கும் வந்தார். என் கணவரிடம் உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். என்னிடம், "ஜாச்சி திதி" என்றார்.

வங்காளிகள் கிளம்பும்போது அப்படிச் சொல்வதில்லை. "ஆஷி" என்பார்கள், நாம் "வரேன்" என்று சொல்கிற மாதிரி. ஜாச்சி என்றால் போகிறேன். என் கணவருக்கு இவ்வளவு வருடத்துக்குப் பிறகும் வங்காளி அரைகுறைதான், அவர் சிரித்துக்கொண்டே கையெடுத்துக் கும்பிட்டார்.

அன்று சாப்பிடும்போது அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். திட்டவில்லை.

"அப்ப எவ்வளவு இருந்துச்சு?" என்றார் கடைசியில்.

"நாப்பத்தொண்ணு."

தட்டில் இருந்த சோற்றை ஓரமாக ஒதுக்கினார்.

"ரெண்டு மணி நேரம் ஓடியிருந்தாலும் உனக்கு ஒரு ராத்திரிக்கு மிஞ்சியிருக்கும்" என்றார். பிறகு எழுந்து கை கழுவப் போனார்.