ராணி கிழிச்ச மயில் கழுத்து

ஊறவெச்ச கொண்டக்கடலை வாசனையும் பினாயில் வாசனையும் ஒண்ணா சேந்து மூக்குல ஏறுனா... எனக்கு ராணி ஞாபகம்தான் வரும்.

ராணி ஒரு கொரங்கு. சாதா நாட்டுக் கொரங்கு.

காலேஜ் முடிச்சிட்டு, தறில உக்கார மாட்டேன்னு வீம்பு புடிச்சிகினு, ஒரு சின்ன ஜூல கான்ட்ராக்ட் கீப்பரா சேந்தேன். எங்க வூடு சேவூர்ல. பட்டுத்தறி வூடு. "தறி வேணாம்னுட்டு கொரங்கு மேய்க்கப் போறான் பாரு"ன்னு தெருவே சிரிச்சிது. சிரிச்சிட்டுப் போங்கன்னு பஸ் ஏறிட்டேன்.

ராணிய யாரோ வூட்ல சங்கிலி போட்டு வளத்திருந்தாங்க. மீட்டுகினு வந்து தனிக் கூண்டுல வுட்டிருந்தாங்க. பெரிய கூண்டுல கூட்டமா கொரங்குங்க இருந்துச்சி. ஆனா இவளுக்கு அதுங்களோட பழகத் தெரியாது, திடீர்னு வுட்டா அதுங்க இவள கடிச்சிக் கொதறிடும்னு டாக்டர் பயந்தாரு.

அவ இன்னா செய்வான்னா... மூலைல உக்காந்துகினு தன் கை முடியத் தானே பிச்சிகினு இருப்பா. ரெண்டு கையும் மொழுக்குனு ஆயிடுச்சி.

மருந்து தடவுனா சரியாயிடும்னு நான் நெனச்சேன். கூட வேலை செஞ்ச பரிமளா அப்பிடி வுடல. பெரணமல்லூர்க்காரி, என் வயசுதான். டிபன் பாக்ஸ தூக்கிகினு போய் அந்தக் கூண்டு எதிர்லயே உக்காந்து சாப்புடுவா. டாக்டர்கிட்ட என்னென்னமோ கேப்பா. ஒரு நாள் என்கிட்ட வந்தா.

"சேகரு, நோவு தோல்ல இல்ல. கூட்டத்துல இருந்தா எதையாச்சும் கெளறிகினு, ஒண்ணுக்கொண்ணு பேன் பாத்துகினு இருக்கும். இவ வெரலுக்கு வேலையே இல்ல. உங்க வூட்ல வெரல வுட்டு நோண்ற மாதிரி சாமான் ஏதாச்சும் கீதா?"

யோசிச்சேன்... டிசைன் அட்டை. பொடவை பார்டர்ல மயிலு, அன்னம் வர்றதுக்கு தறி மேல மாட்டுவாங்களே, ஓட்டை ஓட்டையா, அதான்.

அட்டைங்கள கோத்திருக்கிற கயிறு வெரல்ல சுத்திக்கும், அத எடுத்துட்டுக் குடுங்கன்னாரு டாக்டர். பரிமளா ரெண்டு அட்டைக்கு நடுவுல பொட்டுக்கடலை வெச்சி, மைதா பசைல ஒட்டுனா. ராணி வாங்கி மோந்து பாத்தா. ஒரு ஓட்டைல வெரல வுட்டா...

சாயங்காலம் வரைக்கும் அவ முடியவே தொடல.

நம்ம நேரம்... நான் ஜல்தில அள்ளிகினு வந்தது பழைய கட்டு இல்ல. அண்ணன் தறில ஏத்துறதுக்கு வெச்சிருந்த புது டிசைன். மறுநாளே மூஞ்சி செவந்து வந்து நின்னாரு. "எங்கடா என் அட்டை?"

ராணியக் காட்டுனேன். மடில அட்டைய வெச்சிகினு கடலை நோண்டிகினு இருந்தா. அண்ணன் கூண்டுகிட்ட போய் குனிஞ்சி பாத்தாரு.

"மயிலு கழுத்தையே கிழிச்சிட்டாளேடா"ன்னாரு. அப்புறம் கொரல் எறங்கி, "கை ஏம்மா இப்பிடி கீது?"ன்னு பரிமளாவ கேட்டாரு. அவ சொன்னா. அடுத்த வாரம் பரண்ல கெடந்த பழைய அட்டைய எல்லாம் மூட்டை கட்டி அவரே தூக்கிகினு வந்தாரு. எங்க அண்ணன் அப்பிடி ஒரு ஆளு.

கொஞ்ச கொஞ்சமா முடி மொளைச்சிது. கூட்டத்துலருந்து சாதுவான ஒரு பொட்டக் கொரங்க பக்கத்துக் கூண்டுல வுட்டு, கம்பி வழியா பழக்குனா பரிமளா. அவ பொறுமை எனக்கு ஏழு ஜென்மத்துக்கும் வராது.

ஒரு நாள் நடுக் கதவத் தொறந்தோம். அந்தக் கொரங்கு நேரா வந்து ராணி கையப் புடிச்சி இழுத்து, புது முடிய வெலக்கி பேன் பாக்க ஆரம்பிச்சிது. ராணி கண்ண மூடிகினா.

பரிமளா வழக்கம்போல அட்டைய நீட்டுனா. ராணி திரும்பிக்கூட பாக்கல.

"பாத்தியா, வேணாம்ன்றா"ன்னு சொல்லிட்டு அழுதா. நானும்தான்.

இப்ப ஆரணில பொடவைக் கடை வெச்சிகினு கீறேன். பரிமளா அங்கயே பர்மனென்ட். போன மாசம் பசங்கள கூட்டிகினு போனேன். அப்ப இருந்த சிமெண்டு தரை, ஒத்தக் கூண்டு எதுவும் இல்ல. மண்ணு, மரம், தொங்குற கயிறு... கூட்டம் கூட்டமா கொரங்குங்க.

ராணி மாதிரி தனியா வளந்தது ஒண்ணு வந்தா போன் பண்றேன், அட்டை குடுன்னு பரிமளா சொல்லி வெச்சிருக்கா. அண்ணனும் பழசாகுறத எனக்குன்னு எடுத்து வெக்கிறாரு. பரண்ல மூட்டை ஏறிகினே போவுது. "இந்தக் குப்பைய எப்பதான் போடுவீங்க"ன்னு வூட்ல தெனம் திட்டு.

ரொம்ப நாளா பரிமளாகிட்டருந்து போன் வரல.

வர வேணாம். மூட்டை அப்பிடியே கெடக்கட்டும்.