லொரெய்ன் ஹூடக்கும் மூன்றாவது மடிப்பும்

லொரெய்ன் ஹூடக் எழுந்து மைக்கை நோக்கி வந்தால், நான் முதலில் ஒலியளவைக் குறைத்துவிடுவேன். பதினேழு வருடப் பழக்கம். அந்தக் குரலுக்கு மைக்கே தேவையில்லை. ஆற்றின் அக்கரையில் தூண்டில் போடுகிறவனுக்கும் கேட்கும்.

கார்வர்ஸ் ஃபெரியில் வியாழக்கிழமை மாலை ஆறு மணி என்றால் தீயணைப்பு நிலையக் கூடம்தான். நான் ரேடியோப் பெட்டியோடு உட்காருவேன். பக்கத்தில் உயர்நிலைப் பள்ளி அணியின் கோச் ரட்லெஜ். எதிரே ஊரில் பாதி, தட்டில் கோழி இறக்கையும் வாயில் குறையுமாக இருக்கும். எங்கள் கால்பந்து காலை நம்பியதல்ல, கையை நம்பியது. எறிகிறவன் குவார்ட்டர்பேக். வெள்ளிக்கிழமை ஆட்டத்தில் அவன் யார் என்பதுதான் ஒரு மணி நேரமும் பேச்சு. மேயர் யார் என்று கேட்டால் எங்களில் நாலு பேர் யோசித்துத்தான் சொல்வோம்.

லொரெய்ன் பள்ளி அலுவலகத்தில் எழுத்தர். வயது ஐம்பத்தெட்டு. கணவன் ரே இறந்து ஒன்பது வருடமாகிறது, பிள்ளை கிடையாது. தாமதமாக வருகிறவனுக்குச் சீட்டு, காய்ச்சல்காரனுக்குப் படுக்கை, தொலைந்த கையுறைக்குப் பெட்டி, எல்லாம் அவள் மேஜையில்தான். போதாக்குறைக்குக் கால்பந்து அணியின் அட்டைகளும் அவளுடையவை.

கோச் மைதான ஓரத்தில் நின்று விரல்களால் ஒரு எண்ணைக் காட்டுவார். பையன்கள் தங்கள் மணிக்கட்டுப் பட்டையைப் பார்ப்பார்கள். அதில் செருகிய அட்டையில் அந்த எண்ணுக்கு நேரே யார் எங்கே ஓட வேண்டும், பந்து எங்கே போக வேண்டும் என்று இருக்கும். எதிரணி கண்டுபிடித்துவிடாமல் இருக்க வாராவாரம் எண்களை மாற்றிவிடுவார்கள். அந்தப் புதுப் பட்டியலை வியாழன் மதியம் தட்டச்சு செய்து, வெட்டி, பிளாஸ்டிக் உறை போட்டு, பட்டைகளில் செருகுவது லொரெய்னின் வேலை. சம்பளம் கிடையாது. கேட்டால், "எல்லைக்கோட்டுல நிக்க இடம் குடுக்கறாங்கல்ல, அது போதும்" என்பாள்.

இந்த வருடம் எங்கள் குவார்ட்டர்பேக் டோர்சி ப்ரூவிட். பதினேழு வயது, ஒல்லி, கடைசி வருட மாணவன். அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் வேலை. முதல் இரண்டு ஆட்டங்களை அவன் கையாலேயே ஜெயித்தோம். பிறகு என்ன வந்ததோ, வரிசையாக நான்கு தோல்வி. சாதாரண நேரத்தில் சரியாகத்தான் எறிவான். ஆனால் கடைசி வாய்ப்பில், இந்தப் பந்து போனால் எல்லாம் போச்சு என்ற நேரத்தில், ஆளே இல்லாத புல்லைப் பார்த்து எறிவான். நம் பையன் இடப்பக்கம் கை நீட்டி ஓடிக்கொண்டிருப்பான், பந்து வலப்பக்கம் போய் விழும்.

"பேய்க்குப் பந்து போடறவன்" என்று ரேடியோவில் பெயர் வைத்தவன் நான்தான். கூடம் சிரித்தது. லொரெய்ன் மேஜையைத் தட்டிச் சிரித்தாள்.

தோற்ற பிறகு மைக்கை நீட்டினால் டோர்சி ஒவ்வொரு வாரமும் ஒன்றைத்தான் சொல்வான். "என் தப்புதான் சார். அடுத்த வாரம் சரி பண்ணிடறேன்." இது கோச் ரட்லெஜின் சட்டம். பந்து எங்கே விழுந்தாலும் எறிந்தவன் தப்பு. ஓடியவன் மேல் பழி சொன்னால் மைதானத்தை இருபது சுற்று. எங்கள் ஊரில் எறியக் கற்றவன் எல்லாம் இப்படித்தான் வளர்ந்தான். என்ன வளர்ப்பு பார் என்று நாங்களும் பெருமைப்பட்டுக்கொண்டோம். மடையர்கள்.

நான்காவது தோல்விக்கு முந்தைய வியாழனன்று நடந்த சண்டை எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. ஒரு பக்கம் லொரெய்ன், மறுபக்கம் வெண்டெல் ஸ்டக்கி. வெண்டெல் இழுவைப் படகு ஓட்டி ஓய்வு பெற்றவர், எதையும் அவசரமாகச் செய்து அறியாதவர்.

"டோர்சிய உக்கார வைங்க கோச்! மைலோவ இறக்குங்க. அவன் கை பீரங்கி மாதிரி" என்றாள் லொரெய்ன்.

"மைலோ உன் அண்ணன் மவன்கிறத விட்டுட்டியே" என்றார் வெண்டெல். கூடம் குலுங்கியது.

"யாரு மவனா இருந்தா என்ன? இப்ப இறக்கினாத்தான் ரெண்டு வருஷத்துல தேறுவான்."

"பதினஞ்சு வயசுப் பயலப் பெரிய தடியனுங்க முன்னாடி நிறுத்தினா தேற மாட்டான், மிரண்டுதான் போவான். எறியற பய மெதுவா வேகணும். அவசரத்துல எடுத்தா உள்ள மாவாத்தான் இருக்கும்."

"நீங்க மெதுவா வேக வைங்க. அதுக்குள்ள சீசனே கருகிடும்!"

டோர்சியைப் பிடிக்காதா என்று நான் கேட்டேன். "தங்கமான பய. பிடிக்கும். அதுக்காகத் தோத்துட்டே இருக்க முடியுமா?" என்றாள். அது பொய்யில்லை. அவன் மதியச் சாப்பாடு கொண்டு வராத நாளில் தன் பியரோகிக் கொழுக்கட்டையில் பாதியைத் தள்ளிக் கொடுப்பவளும் அவள்தான்.

நான்காவது தோல்விக்குப் பிறகு, புதன்கிழமை, கோச் அறிவித்துவிட்டார். வெள்ளிக்கிழமை மைலோ ஆடுவான், டோர்சி உட்காருவான். எனக்கே சங்கடமாக இருந்தது, ஏனென்றால் அந்த வெள்ளிக்கிழமைதான் தங்கள் அணிக்கு ஆள் எடுக்கும் ஒரு கல்லூரிக்காரர் டோர்சியைப் பார்க்க வருவதாக இருந்தது. அவனைத் தேடி வந்த ஒரே கல்லூரி அது. ஆடாதவனைப் பார்த்து அவர் என்ன எழுதிக்கொள்வார்?

வியாழன் மாலை ஆறு மணிக்கு நிகழ்ச்சியைத் தொடங்கினேன். கோச்சின் பக்கத்தில் மைலோ, காது சிவக்க உட்கார்ந்திருந்தான். அவனுக்கு அந்தப் பக்கம் டோர்சி. உட்கார வைக்கப்பட்டவன் புதியவனுடன் வந்து வாழ்த்துச் சொல்ல வேண்டும் என்பது எங்கள் வழக்கம், கொடுமையான வழக்கம். ஆறு பத்துக்கு லொரெய்ன் உள்ளே வந்தாள். வழக்கமான நீல அணிச்சட்டை இல்லை. கையில் ஒரு உறை. முகத்தில் ஈயாடவில்லை. நான் பழக்கத்தில் ஒலியளவைக் குறைத்தேன். அவள் பேசியபோது மறுபடி கூட்ட வேண்டியிருந்தது.

"கஸ், நான் ஒண்ணு சொல்லணும். நடுவுல யாரும் பேசாதீங்க."

உறையிலிருந்து இரண்டு அட்டைகளை எடுத்து என் முன்னால் வைத்தாள். ஒன்று சிறியது, எல்லாப் பையன்களும் கட்டுவது. மற்றது பெரிய எழுத்தில், மூன்று மடிப்பாக இருந்தது.

இரண்டாவது வாரப் பயிற்சியில் டோர்சி மணிக்கட்டை மூக்குக்குக் கிட்டே கொண்டுபோய்ப் படிப்பதை அவள் பார்த்திருக்கிறாள். பையனுக்குக் கண் சரியில்லை போலிருக்கிறது, நாலு பேர் முன்னால் சொன்னால் கூசிப்போவான் என்று யாரிடமும் சொல்லாமல் அவனுக்கு மட்டும் பெரிய எழுத்தில் தனியாகத் தட்டச்சு செய்தாள். பெரிய எழுத்து ஒரு மடிப்பில் அடங்காதே? அலமாரியில் கிடந்த மூன்று மடிப்புப் பட்டையைத் தேடி எடுத்தாள். கோச்சுக்கும் தெரியாது. அவர் கண்ணுக்குப் பட்டை பட்டைதான்.

"இன்னைக்கு மைலோவுக்கு அட்டை போடணும்னு டோர்சியோட பழைய அட்டைய உருவினேன். மைலோவுக்குக் கண்ணு நல்லாருக்கு, சின்ன எழுத்தே போதும். அளவு பாக்க, போன வாரத்துச் சின்ன அட்டை ஒண்ண அது பக்கத்துல வச்சேன்." அவள் பெரிய அட்டையின் கடைசி மடிப்பைத் தொட்டாள். "மூணாவது மடிப்பு பொருந்தல."

கோச் நிமிர்ந்தார்.

"கம்ப்யூட்டர்ல அது அடுத்த பக்கத்துல இருக்கு, கோச். முதல் ரெண்டு மடிப்பையும் வாராவாரம் மாத்தினேன். அடுத்த பக்கத்துக்கு நான் போகவே இல்ல. நாலு வாரமா முப்பத்தி ஒண்ணுலேருந்து முப்பத்தாறு வரைக்கும் டோர்சி கையில இருந்தது ரெண்டாவது வாரத்து எண்ணு. மத்தவங்க எல்லார் கையிலயும் புதுசு."

முப்பத்தி ஒன்று முதல் முப்பத்தாறு வரை என்ன என்று அந்தக் கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். கடைசி வாய்ப்பில் மட்டும் கூப்பிடும் நீள எறிகள் அவை; வாராவாரம் தங்களுக்குள்தான் இடம் மாறும். பேய் ஒன்றும் இல்லை. பையன் தன் அட்டையில் இருந்த இடத்துக்குக் குறி தவறாமல் எறிந்திருக்கிறான்.

கோச் ரட்லெஜ் அட்டைகளைக் கையில் எடுத்தார். ஒரு வரியை இதில் பார்ப்பார், அதில் பார்ப்பார். அந்த நான்கு ஆட்டங்களின் படத்தையும் அவர் எத்தனை முறை ஓட்டிப் பார்த்திருப்பார்! பையன் தப்பாக எறிகிறான் என்றுதான் பார்த்தாரே தவிர, ஏன் என்று பார்க்கவில்லை.

வெண்டெல் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு எட்டிப் பார்த்தார். "இது என்னம்மா, மூலையில பல்லு பல்லா?"

லொரெய்ன் கண்ணை மூடித் திறந்தாள். "காகிதம் கிழிக்கற மெஷின்ல விட்டேன். யாருக்கும் தெரியப் போறதில்ல. மைலோ ஆடுவான், ஜெயிப்பான், ஊரே நான் சொன்னதுதான் சரின்னு சொல்லும்னு நெனச்சேன். மெஷின் இழுக்க ஆரம்பிச்சுது. அப்புறம் நான் வெளிய இழுத்துட்டேன். அதையும் சொல்லிடறேன்."

பின்வரிசையிலிருந்து ஒருவன் கத்தினான். "அண்ணன் மவனுக்காகப் பண்ணிட்டு இப்ப நாடகமா?" இன்னும் இரண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள். நாற்காலிகள் நகர்ந்தன. லொரெய்ன் அடி வாங்க வந்தவள் மாதிரி நின்றாள். பதினேழு வருடத்தில் அவள் பதில் சொல்லாமல் நின்று நான் பார்த்ததே இல்லை.

மைலோ எழுந்தான். "அத்தை..." என்றான். தன் மணிக்கட்டுப் பட்டையைக் கழற்றி டோர்சியின் முன்னால் வைத்துவிட்டுச் சுவரோரம் போய் நின்றான்.

டோர்சி பட்டையைத் தொடவில்லை. பல் தடம் விழுந்த அட்டையைத்தான் எடுத்தான், மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனான். மூன்றாவது மடிப்பை வெகுநேரம் படித்தான். இனி கத்துவான், அழுவான், மேஜையைக் கவிழ்ப்பான் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கவிழ்த்திருந்தால் முதல் ஆளாக நானே கைதட்டியிருப்பேன்.

"என் தப்புதான், மேடம்" என்றான்.

என் காதை நான் நம்பவில்லை.

"ரெண்டு ஆட்டம் தோத்ததுமே எனக்கு சந்தேகம்தான். பசங்க வேற பக்கம் ஓடறாங்களேன்னு. ஆனா கேட்டா, அவங்க மேல பழி போடற மாதிரி ஆயிடும். நான்தான் மறந்து மறந்து போறேன்னு நெனச்சேன். வீட்டுல ராத்திரியெல்லாம் மனப்பாடம் பண்ணுவேன். நான் கேட்டிருக்கணும். என் தப்பு."

அப்போதுதான் லொரெய்னுக்குக் குரல் திரும்பியது. ரேடியோப் பெட்டியின் முள் கடைசிக் கோட்டில் போய் முட்டியது.

"வாய மூடுறா! எல்லாப் பழியையும் தூக்கித் தூக்கித்தானே இந்தக் கதிக்கு வந்த? இது என்னுது. என் கையால பண்ணினது. இத மட்டும் உனக்குக் குடுக்க மாட்டேன்!"

சொல்லிவிட்டு அவள்தான் உடைந்து அழுதாள். டோர்சி என்ன செய்வதென்று தெரியாமல் மேஜையில் இருந்த கைத்துடைப்புக் காகிதக் கட்டை அவள் பக்கம் நகர்த்தினான். நான் மைக்கைப் பிடித்தபடி வாயைத் திறந்தேன். பேய் என்ற பெயரை வைத்த அதே வாய். நாற்பது நொடிகள் ரேடியோவில் எதுவுமே ஓடவில்லை என்று மறுநாள் நிலையத்தில் கணக்குச் சொன்னார்கள். கோச் ரட்லெஜ் யாரையும் பார்க்காமல் வெளியே போய்த் தன் டிரக்கில் உட்கார்ந்துகொண்டார்.

வெள்ளி காலை அவர் அலுவலகத்துக்கு வந்து லொரெய்னிடம் பட்டியலை நீட்டினாராம். மேலே கையால் எழுதியிருந்தது: டோர்சி, பெரிய எழுத்து.

"வேற யாரையாவது பாத்துக்குங்க கோச். நான் இனி தொட மாட்டேன்."

"நீங்களே அடிங்க. நான் பக்கத்துல நின்னு கடைசிப் பக்கம் வரைக்கும் பாக்கறேன்."

அன்று மாலை டோர்சிதான் ஆடினான். நான் வேலியோரம் நின்றேன். லொரெய்ன் என் பக்கத்தில் வந்து நின்றாள், மைதானத்துக்கு முதுகைக் காட்டி, கார்கள் நிற்கும் இடத்தைப் பார்த்துக்கொண்டு. கடந்து போனவர்களில் சிலர் அவளைப் பார்த்து முணுமுணுத்தார்கள். இனி பல வருடம் முணுமுணுப்பார்கள். எங்கள் ஊர் எதையும் மறக்காது. கல்லூரிக்காரர் பார்வையாளர் வரிசையின் மேல் படியில் மடியில் நோட்டோடு உட்கார்ந்திருந்தார்.

இரண்டாம் பாதியில் அந்த நேரம் வந்தது. கடைசி வாய்ப்பு, போக வேண்டியதோ வெகுதூரம். கோச் விரல்களை உயர்த்தினார். மூன்று, மறுபடி மூன்று.

"முப்பத்தி மூணு" என்றேன்.

லொரெய்ன் இரண்டு கையாலும் வேலிக் கம்பியைப் பின்பக்கமாகப் பிடித்துக்கொண்டாள். டோர்சி மணிக்கட்டைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனான். படித்தான். பந்து அவன் கையை விட்டுக் கிளம்பி விளக்குகளுக்கு மேலே ஏறியது. பிறகு ஒரே கூச்சல். நல்லதுக்கா கெட்டதுக்கா என்று திரும்பி நிற்பவளுக்குத் தெரியாது.

"யாரு கைல, கஸ்?" என்றாள். "சொல்லித் தொலையேன், யாரு கைல?"

"நம்ம பய கைல, லொரெய்ன். நேரா கைலயே."

அவள் வேலியில் சாய்ந்தபடியே வழுக்கி, சரளைக் கல்லில் உட்கார்ந்துவிட்டாள். திரும்பிப் பார்க்கவேயில்லை.