துப்பாக்கிக்கு எண்ணெய் போடும் கிழமை

எனக்கு ஒரு சக்களத்தி இருந்தாள். ரெட்டைக்குழல் துப்பாக்கி. என் வீட்டுக்காரர் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றுத் தூத்துக்குடிக்குத் திரும்பிய வருஷம், ஊர் வந்து பெட்டியைக்கூட முழுசாகப் பிரிக்காமல், லைசென்ஸுக்கு அலைந்து அவளை வாங்கிக்கொண்டு வந்தார். அப்போதெல்லாம் வங்கிகளில் காவலுக்கு ஆள் எடுக்கும்போது, சொந்தத் துப்பாக்கி வைத்திருக்கிறவரைத்தான் முதலில் கூப்பிடுவார்கள். கொத்தனார் கரண்டியோடு வேலைக்கு வருவதுபோல, காவல்காரர் துப்பாக்கியோடு வரவேண்டும்.

வந்தவளுக்கு எங்கள் பீரோவின் கீழ்த்தட்டில் இடம் கிடைத்தது. அங்கிருந்த என் பட்டுச்சேலைகள் பரணுக்குப் போயின. அன்றைக்கே எனக்குப் பிடிக்காமல் போய்விட்டது.

கடற்கரைச் சாலைப் பக்கம் இருந்த ஒரு வங்கியின் வாசலில் பல வருஷம் நின்றார். உப்பளக்காரர்களும் மீன் வியாபாரிகளும் பணம் கட்ட வருகிற இடம். அவர் ஒருநாளும் சுட்டதில்லை. சுடுவதற்கு அங்கே ஒன்றும் நடக்கவும் இல்லை. அதிகம் போனால், வரிசையில் சண்டை போடுகிறவர்களை ஒரு பார்வை பார்ப்பார். வீட்டுக்கு வந்தாலும் அதே பார்வைதான், அதே மௌனம்தான். வாயைத் திறந்து பேச வைக்க வேண்டுமென்றால் சோற்றில் உப்பைக் கூட்டிப் போட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மட்டும் ஆள் வேறு. சாப்பிட்டுக் கை கழுவியதும் தரையில் பழைய செய்தித்தாளை விரிப்பார். துப்பாக்கியை நடுவில் மடக்கித் திறந்து, குழல்களைத் தனியே கழற்றுவார். நீளக் கம்பியில் துணியைச் சுற்றி உள்ளே விட்டு இழுப்பார். பிறகு என் தையல் மிஷின் எண்ணெயைக் கேட்காமல் எடுத்துக்கொள்வார். நான் அப்போது ரவிக்கை தைத்துக்கொடுத்துக்கொண்டிருந்தேன். எண்ணெய் டப்பா மாதத்துக்கு ஒன்று தீர்ந்துபோகும். எல்லாம் முடிந்ததும் குழலை ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்து ஒரு கண்ணால் பார்ப்பார். அந்த முகத்தில் ஒரு சிரிப்பு வரும். அந்தச் சிரிப்பு என் பக்கம் திரும்பியதை நான் அதிகம் பார்த்ததில்லை.

"இவளுக்கும் ஒரு சேலை எடுத்துக் குடுத்துருங்களேன்" என்று ஒரு தீபாவளிக்குச் சொன்னேன். "உறை கிழிஞ்சுதான் போச்சு, நல்ல நேரத்துல ஞாபகப்படுத்துன" என்று அதற்கொரு புதுக் கான்வாஸ் உறையை என்னையே தைக்கச் சொன்னார். தைத்தும் கொடுத்தேன். வேறென்ன செய்ய.

எனக்குப் புரியாத ஒன்று இருந்தது. பட்டாளத்தில் அவர் இதைவிட எத்தனையோ உயர்ந்த துப்பாக்கிகளைத் தூக்கியிருக்கிறார். அவற்றைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார். நடுவில் கொஞ்ச காலம் ஏ.டி.எம்.முக்குப் பணம் கொண்டுபோகிற வண்டியில் வேலை பார்த்தார். அந்தக் கம்பெனி புத்தம் புதுசாக ஒன்று கொடுத்தது. அதை அவர் அடுத்த வீட்டுக் குடையைப் பிடிப்பதுபோலத்தான் பிடித்திருந்தார். சாயங்காலம் ஆபீஸில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வருவார். ஒருநாள் கேட்டே விட்டேன், அதிலெல்லாம் இல்லாதது இந்தப் பழைய கட்டையில் என்ன இருக்கிறது என்று.

துணியால் துடைத்துக்கொண்டே சொன்னார். "பட்டாளத்துத் துப்பாக்கிய சாயங்காலம் ஆயுத ரூம்புல குடுத்துரணும். நான் பாக்கலன்னாலும் அதைப் பாக்க ஆள் உண்டு. இதுக்கு யாரு இருக்கா? நம்மூரு உப்புக்காத்துல ஒரு வாரம் விட்டா துரு ஏறிரும். நான் பாக்கலன்னா இது செத்துச்சு."

அவர் சொன்னது நிஜம்தான். எங்கள் தெருவில் ஜன்னல் கம்பி, மின்விசிறி, கதவுக் கொண்டி எதுவும் உருப்படியாக இருந்ததில்லை. ஆனால் எனக்குக் கோபம்தான் வந்தது.

"நான் மட்டும் என்ன, துருப்பிடிக்காமலா இருக்கேன்?"

"ஏளா, ஒன்னைய நான் பாக்காட்டாலும் நீ பாத்துக்கிடுவ" என்றார்.

அதைப் பாராட்டாகத்தான் சொன்னார் என்று இப்போது நினைக்கிறேன். அன்றைக்கு ராத்திரி நான் சாப்பிடவில்லை.

வேலையை விட்ட பிறகு தோட்டாக்களை ஒப்படைத்துவிட்டார். துப்பாக்கி மட்டும் இருந்தது. தேர்தல் அறிவித்தால் லைசென்ஸ்காரர்கள் எல்லாரும் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட வேண்டும். வங்கிக் காவலில் இருந்தவரைக்கும் அவருக்கு விலக்கு இருந்தது, பிறகு இல்லை. ஒப்படைத்துவிட்டு வந்தால் அந்த வாரங்களில் வீடு இழவு விழுந்த வீடுதான். ஓட்டு எண்ணி முடித்ததும் முதல் ஆளாகப் போய் நிற்பார். மீட்டுக்கொண்டு வந்ததும் திறந்து பார்த்து, ஈரச் சுவரில் சாத்தி வைத்திருக்கிறார்கள், ஒரு சொட்டு எண்ணெய் போடவில்லை என்று திட்டுவார். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பாக இருக்கும்.

அவர் போனது ஒரு மார்கழி மாதம். மாரடைப்பு. துபாயிலிருந்து மகன் வந்தான், காரியம் முடித்தான், போய்விட்டான். கூட வா என்று கூப்பிட்டான். அங்கே நான் எந்த அறையில் உட்கார்ந்து எந்தச் சுவரைப் பார்ப்பது? வரவில்லை என்று சொல்லிவிட்டேன். அழுகை மட்டும் வரவில்லை. வந்தவர்கள் எல்லாம் என் முகத்தையே பார்த்துவிட்டுப் போனார்கள்.

கொஞ்ச நாள் கழித்துப் போர்வை எடுக்க பீரோவின் கீழ்த்தட்டைத் திறந்தேன். உறையைத் தொட்டதும் கையில் செந்தூளாக ஒட்டியது. உள்ளே குழல் முழுக்கச் சிவப்பு. அதைப் பார்த்த பிறகுதான் அவர் இல்லை என்பது எனக்கு உறைத்தது. தரையில் உட்கார்ந்து அப்படி ஓர் அழுகை அழுதேன்.

கண் மங்கியதால் தையல் மிஷினை எப்போதோ விற்றிருந்தேன். அவர் வாங்கி வைத்திருந்த எண்ணெயும் தீர்ந்திருந்தது. அடுப்படியில் இருந்த தேங்காய் எண்ணெயைத் தாராளமாகப் பூசி வைத்தேன். துருவுக்கு அது போதும் என்று என் கணக்கு. அடுத்த வாரம் பார்த்தால் பிசுபிசுவென்று தூசியெல்லாம் அப்பி, எறும்பு வரிசை கட்டியிருந்தது. அவர் இருந்தால் என்னை வீட்டைவிட்டே துரத்தியிருப்பார். கடைக்குப் போய் மிஷின் எண்ணெய் வாங்கி வந்தேன். இத்தனை வருஷம் முறைத்து முறைத்துப் பார்த்ததில் எது முதல், எது பிறகு என்று எனக்கே தெரியாமல் மனப்பாடமாகியிருந்தது.

பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நான் விரித்தேன் செய்தித்தாளை. அவர் கை பட்டுப் பட்டு ஓரிடத்தில் கட்டை கறுத்து வழவழவென்றிருந்தது. அந்த இடத்தை மட்டும் கடைசியில் துடைப்பேன். குழலை ஜன்னலுக்கு நேரே பிடித்துப் பார்த்தால், தூரத்தில் வட்டமாக எங்கள் தெரு தெரியும், யாராவது சைக்கிளில் போவார்கள். சனிக்கிழமை ராத்திரியே நாளைக்கு வேலை இருக்கிறது என்று ஒரு நினைப்பு வரும். சக்களத்தி மேல் எனக்குப் பாசம் வந்துவிட்டது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அவர்மேல் வைத்ததைவிடக் கொஞ்சம் அதிகமாகவே வந்துவிட்டது.

இந்தத் தேர்தலுக்கு ஸ்டேஷனிலிருந்து அவரைக் கேட்டு போன் வந்தது. இறந்துபோனதைச் சொன்னேன். அப்படியானால் துப்பாக்கி எங்கே என்று கேட்டார்கள். மறுநாள் காலையில் ஏட்டையாவும் இன்னொரு போலீஸ்காரரும் ஜீப்பில் வந்தார்கள். ஒப்படைக்க நானும் வருவேன் என்று, கம்பியையும் துணியையும் எண்ணெய் டப்பாவையும் எடுத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்துகொண்டேன். தெருவே வாசலுக்கு வந்து வேடிக்கை பார்த்தது. மகனுக்குப் போனில் சொன்னபோது, "குடுத்துட்டு நிம்மதியா இரும்மா, அது என்னத்துக்கு நமக்கு" என்றான்.

ஸ்டேஷனில் ஏட்டையாவிடம் கேட்டேன், லைசென்ஸை என் பேருக்கு மாற்ற முடியாதா என்று. நல்ல மனுஷர், சிரிக்கவில்லை.

"வாரிசுக்குக் குடுக்க வழி இருக்கு ஆச்சி. ஆனா காரணம் கேப்பாங்க. ஒங்களுக்கு யாராலயும் ஆபத்து இருக்கா?"

"ஒருத்தராலயும் இல்ல."

"பின்ன என்னன்னு எழுதுவீய?"

"வாரம் ஒருக்கா எண்ணெய் போடணும்னு எழுதுங்க."

"கண் டாக்டர்ட்ட வேற சர்ட்டிபிகேட் வாங்கணும். ஒங்களுக்கு முடியுமா ஆச்சி?" என்றார். சுவரில் இருந்த காலண்டரின் தேதியே எனக்குக் கலங்கலாகத்தான் தெரிந்தது. முடியாது என்றேன்.

உள் அறையில் துப்பாக்கிகள் சுவரோரம் வரிசையாகச் சாத்தியிருந்தன. சுவரில் ஓதம் இடுப்பு உயரத்துக்கு ஏறியிருந்தது. அவர் திட்டியது அத்தனையும் உண்மை. ஏட்டையா உறையிலிருந்து எடுத்து, இரண்டு துப்பாக்கிகளுக்கு நடுவே அதை நிறுத்தினார்.

"எண்ணெய் போடுவீயளா ஏட்டையா?"

"பாப்போம் ஆச்சி."

"நான் வேணா ஞாயித்துக்கிழமை வந்து போட்டுட்டுப் போறேன். ஒருத்தருக்கும் தொந்தரவு இருக்காது."

"இனி நீங்க அதைத் தொடக்கூடாது ஆச்சி. சட்டம் அப்படி" என்றார் மெதுவாக. கம்பியையும் துணியையும் எண்ணெய் டப்பாவையும் உறையையும் என்னிடமே திருப்பிக் கொடுத்தார். இதெல்லாம் இங்கன வேண்டாம் என்றார்.

பஸ்ஸில் வந்தேன். மடியில் உறை வெறுமையாகக் கிடந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுக் கை கழுவியதும், பழக்கத்தில் செய்தித்தாளை விரித்துவிட்டேன். விரித்த பிறகுதான் தெரிந்தது. மடித்து வைக்க மனம் வராமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். கடல்காற்று வந்து தாளை ஓரத்தில் தூக்கித் தூக்கிப் போட்டது.

என்னை நான் பார்த்துக்கொள்வேன் என்று அவர் சொன்னது சரிதான். பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். வேளைக்குச் சாப்பிடுகிறேன், மாத்திரை போடுகிறேன், கதவைப் பூட்டிக்கொண்டு படுக்கிறேன். நான் பார்க்காவிட்டால் கெட்டுப்போகிற பொருள்தான் இந்த வீட்டில் இல்லை.