வியாழன் போகும் பாதையில் ஒரு சைக்கிள்

கணக்கு புரிந்த சந்தோஷத்தில் மனிதன் என்ன செய்வான் என்று கேட்டால், பெரிய தெருவில் சைக்கிளை விட்டு இறங்க மறந்துபோவான் என்பேன். நான் மறந்தேன்.

அப்போது தஞ்சாவூரில் பி.எஸ்சி. பௌதிகம் படித்துக்கொண்டிருந்தேன். அன்று வகுப்பில் வியாழன் கிரகத்தைப் பற்றிப் பாடம். அது சூரியனைச் சுற்றுகிற அதே பாதையில், அதற்கு முன்னால் ஒரு கூட்டம், பின்னால் ஒரு கூட்டமாகச் சிறுகோள்கள் போகின்றனவாம். ட்ரோஜன் என்று பெயர். அவ்வளவு பெரிய கிரகம் அவற்றை விழுங்கவும் இல்லை, விரட்டவும் இல்லை! சூரியன், வியாழன், கல் மூன்றும் சமபக்க முக்கோணத்தின் மூலைகளில் இருந்தால் போதும், கல் தன் இடத்தை விட்டுக்கொடுக்காது. இதை முதலில் கணக்குப் போட்டுச் சொன்னார்கள். வானத்தில் கல்லைக் கண்டது வெகுகாலம் கழித்துத்தான். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

எங்கள் ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கி, டீக்கடையில் விட்டிருந்த சைக்கிளை எடுத்து மிதித்தேன். எங்கள் தெருவுக்குப் போக, மிராசுதார் வீடிருக்கும் பெரிய தெருவைத் தாண்ட வேண்டும். அவர் பண்ணையில் கூலி வேலை செய்யும் எங்கள் சனம் அங்கே சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் போகும். கோட்டையில் ஆட்சி மாறி, சுவரெல்லாம் சமத்துவம் என்று எழுதியாகிவிட்டது. இந்த வழக்கத்துக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

வாசலில் மிராசுதார் நின்றதைத் தாண்டிய பிறகுதான் உணர்ந்தேன். மணி வேறு அடித்திருக்கிறேன்!

சாயங்காலமே பண்ணை ஏஜெண்டு வந்துவிட்டார். "பையன் படிச்சா கண்ணு தெரியாதா? மனை அளக்க ஆபீசர் வர்றப்ப உன் வீட்ட நாங்கதான் காட்டணும். ஞாபகம் இருக்கட்டும்" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனார். குடியிருக்கும் மனை குடியிருப்பவருக்கே என்று சட்டம் வந்திருந்தது. எங்களுக்கு இன்னும் பட்டா வரவில்லை, பண்ணைக்காரர்கள் வீட்டைக் காட்டாவிட்டால் வரவும் வராது. அம்மா அழ ஆரம்பித்துவிட்டாள். எனக்கும் பயம் வந்துவிட்டது.

"எதுக்குடா இறங்கல?" என்றார் அப்பா.

பொய் சொல்லத் தோன்றவில்லை. தரையில் சொம்பைச் சூரியனாகவும், பூசணிக்காயை வியாழனாகவும், ஒரு புளியங்கொட்டையைக் கல்லாகவும் வைத்து விளக்க ஆரம்பித்தேன். பேசப் பேசப் பயம் போன இடம் தெரியவில்லை, மறுபடியும் குஷி பிடித்துக்கொண்டது. அப்பா புளியங்கொட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சாப்பிட்டுப் படுத்துவிட்டார்.

மறுநாள் காலை நான் கிளம்பும்போது கேரியரில் வந்து உட்கார்ந்தார். தினமும் வேலைக்கு நடந்து போகிறவர் அவர்.

பெரிய தெரு முனையில் பிரேக் பிடித்தேன்.

"நிறுத்தாத. மிதி."

மிராசுதார் வாசலில் பேப்பரோடு உட்கார்ந்திருந்தார். பறந்து தாண்டிவிடலாம் என்று எழும்பி நின்று மிதித்தேன். அப்பா பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"அந்தக் கல்லுங்க எத்தன காலமா அந்தப் பாதையில போவுது?"

"கோடிக்கணக்கான வருஷமாப்பா."

"அப்ப ஒனக்கு என்னடா அவசரம்? மெதுவாப் போ."