பட்டன் டீச்சர் சொல்லாத பெயர்

பட்டன் டீச்சருக்கு அந்தப் பெயர் அவளுடைய மேலங்கியால் வந்தது. முன்பக்கம் முழுக்கப் பொத்தான்கள். ஒன்று சிவப்பு, ஒன்று மரம், ஒன்று பிஸ்கட் அளவு. பிள்ளைகள் பூட்டிக் கழற்றிப் பழகட்டும் என்று அவளே தைத்துக்கொண்டது. மதியத்துக்குள் பாதி கழன்று கிடக்கும். சாயங்காலம் அதே கோலத்தில் பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிடுவாள்.

முதலில் பெரிய வகுப்புகளுக்குக் கணக்கு எடுத்தவள்தான். பிறகு தானே கேட்டு வாங்கி, இரண்டு மூன்று வயதுப் பிள்ளைகளிடம் வந்தாள். உறவில் ஒருவருக்கும் அது பிடிபடவில்லை. "மூக்குத் தொடைக்கவா இவ்ளோ படிச்ச?" என்று மாமா ஒருவர் எல்லோர் முன்னாலும் கேட்டார். "தொடைக்கிறது சுலபம் மாமா. தானா தொடைச்சுக்கக் கத்துக்குடுக்கத்தான் படிப்பு வேணும்" என்றாள். மாமா அவசரமாகத் தன் மூக்கைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

அவள் இருந்தது தங்கை வீட்டு மாடியறையில். தங்கையின் கணவர் பஸ் டிரைவர். அவர்களுடைய ஒரே மகன் குச்சி. ஒல்லியாக இருப்பதால் அந்தப் பெயர். அந்த வருஷம் அவனும் இவள் வகுப்பில்தான் இருந்தான். பள்ளிக்கூடத்தில் பெரியம்மா என்று கூப்பிடக்கூடாது என்று சொல்லி வைத்ததில், இரண்டையும் குழப்பி "டீச்சரம்மா" ஆக்கிவிட்டான்.

ஒருநாள் குச்சியின் முன்கையில் பற்கள் பதிந்திருந்தன. தோல் கிழியவில்லை, ஆனால் வரிசை மாறாமல் அத்தனை பற்களும் தெரிந்தன. தங்கை அதைப் பார்த்த மாத்திரத்தில் மாடிப்படி ஏறி வந்தாள்.

"யாரு கடிச்சதுக்கா?"

"வகுப்புல ஒரு குழந்தை. மருந்து போட்டாச்சு, பயப்படாத."

"அது தெரியுது. எந்தக் குழந்தை?"

"அதைச் சொல்ல மாட்டேன்."

அந்த விதியை வகுப்பில் கொண்டுவந்தவளே அவள்தான். கடித்த பிள்ளையின் வீட்டுக்கும் கடிபட்ட பிள்ளையின் வீட்டுக்கும் தனித்தனியே சொல்ல வேண்டும். பெயர் மட்டும் வெளியே போகக்கூடாது. போனால் அப்புறம் அந்தப் பிள்ளை எங்கே நின்றாலும் நாலு அம்மாக்கள் தங்கள் பிள்ளைகளை இழுத்துக்கொள்வார்கள். பேச்சு திருந்தாத வயதில் அவனால் என்ன பதில் சொல்ல முடியும்?

தங்கை மகனையே விசாரித்தாள். "யாருடா கடிச்சா?"

"நாய்."

"நாயா? சரியாச் சொல்லு."

குச்சி யோசித்தான். "அப்பா."

"டேய், நான் டூட்டில இருந்தேன்டா!" என்று சோற்றுத் தட்டை விட்டு எழுந்தே விட்டார் டிரைவர்.

தங்கை சிரிக்கவில்லை. "நீ இவனுக்குப் பெரியம்மாவா, இல்ல ஊருக்கெல்லாம் டீச்சரா?"

"ரெண்டும்தான். அதான் கஷ்டமா இருக்கு" என்றாள் அவள்.

கடித்தவன் பன்னு. பேக்கரிக்காரரின் மகன். கன்னம் பன் மாதிரி உப்பி, நிறமும் அதேபோல் இருந்ததால் எல்லோரும் வைத்த பெயர். பள்ளி ஆயாம்மாவுக்கும் விஷயம் தெரியும். "ஊரே பன்னைக் கடிக்கும். இங்க பன்னு ஊரைக் கடிக்குது" என்று வாய்க்குள்ளேயே சொல்லிச் சிரித்துக்கொள்வாள். அவன் வீட்டில் அப்பாவைத் தவிர யாரும் இல்லை. காலையில் முழங்கை வரை மாவோடு அவனைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, மறுபடி அடுப்புக்கு ஓடுவார் மனிதர்.

அடுத்த வாரம் இன்னொரு கடி. அதுவும் குச்சிக்கே, இந்த முறை தோளில். தங்கை அதைப் படமெடுத்துப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். படத்துக்குக் கீழே ஆளாளுக்குத் துப்பறிந்தார்கள்.

பள்ளியை நடத்தும் மேடம் அவளைக் கூப்பிட்டார். கெட்ட மனுஷி இல்லை. போன் அடித்து அடித்துக் காது சிவந்திருந்தது. "எனக்கும் பாவமாத்தான் இருக்கு டீச்சர். ஆனா இன்னொரு தடவை ஆச்சுன்னா அந்தப் பையனை வீட்டுக்கு அனுப்பிடுவேன். வேற வழியில்ல."

அன்று சாயங்காலம் பேக்கரிக்காரரிடம் அதைச் சொல்லித்தான் ஆகவேண்டியிருந்தது. அவர் கோபப்படவில்லை. "வீட்ல ஒருதடவைகூடக் கடிச்சதில்லைங்க டீச்சர்" என்றார். மகனைக் குனிந்து பார்த்து, "அனுப்பிட்டீங்கன்னா இவனை அடுப்படியிலதான் உக்கார வைக்கணும்" என்றார். பன்னு அவர் காலைக் கட்டிக்கொண்டு, அவர் பேன்ட்டில் இருந்த மாவில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தான்.

வீட்டில் கடிக்காதவன் இங்கே ஏன் கடிக்கிறான்? அவளுக்கு அதே நினைப்பாக இருந்தது. கோபத்தில் என்றால் பொம்மைச் சண்டையில் கடித்திருப்பான். பொம்மையைப் பிடுங்கினால் பேசாமல் கொடுத்துவிட்டுப் போகிறவன் அவன். இரண்டு தடவையும் கடித்தது சாப்பாட்டுக்கு முன், கைகழுவும் வரிசையில்.

அந்த வரிசைதான் பள்ளிக்கே பெருமை. குறுகலான நடை, கடைசியில் ஒரே ஒரு குழாய். சுவரோரம் ஒட்டி ஒருவர் பின் ஒருவராக நின்று, பாட்டுப் பாடிக்கொண்டே நகர்வார்கள். பள்ளியைப் பார்க்க வருகிறவர்களை மேடம் கண்ணாடிக்கு வெளியே நிறுத்திக் காட்டுவார். பழக்கிவிட்டவள் பட்டன் டீச்சர். அவளுக்கும் அதில் உள்ளூரக் கர்வம் உண்டு.

மறுநாள் அவள் வரிசையைப் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. பன்னுவுக்குப் பக்கத்திலேயே மண்டியிட்டு வரிசைக்குள் புகுந்துகொண்டாள். அந்த உயரத்தில் அது வேறு இடமாக இருந்தது. முன்னால் ஒரு முதுகு, பின்னால் ஒரு வயிறு, பக்கத்தில் சுவர். குழாய் கண்ணுக்கே தெரியவில்லை. பாட்டு இரைச்சலாகக் காதில் இடித்தது. கொஞ்ச நேரத்தில் அவளுக்கே யாரையாவது நெட்டித் தள்ளவேண்டும் போலிருந்தது.

அப்போதுதான் பின்னாலிருந்து பஸ் வந்தது. குச்சி தலையைக் குனிந்து பன்னுவின் முதுகில் முட்டி, "பாம் பாம்... ஏறு ஏறு!" என்று தள்ளினான். அப்பாவிடம் கற்ற வித்தை. பன்னு திரும்பினான். வாய் திறந்தது. அவள் சட்டென்று தன் கையை இருவருக்கும் நடுவில் நீட்டினாள். பல் அவள் மேலங்கியின் கைத்துணியில் பதிந்ததோடு சரி.

நேரே மேடத்திடம் போனாள். "வரிசையை எடுத்துடலாம் மேடம்."

"என்னது! வர்றவங்க முதல்ல பாக்குறதே அதைத்தான்."

"பாக்க நல்லாத்தான் இருக்கு. நிக்கிறவங்களுக்கு நல்லா இல்ல. நானே நின்னு பாத்துட்டேன். இந்த வயசுக்கு அது ஆகாது. நான்தான் தப்பாப் பழக்கிட்டேன்."

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி. ஆனா நான் சொன்னது சொன்னதுதான். இன்னொரு தடவைன்னா பையன் கிளம்பணும்."

வகுப்பறைக்குள்ளேயே இரண்டு பிளாஸ்டிக் தொட்டிகளில் தண்ணீர் வைத்தாள். விளையாடி முடித்தவர்கள் இரண்டிரண்டு பேராக வந்து கழுவினார்கள். தரையெல்லாம் குளம். "கை கழுவுதுங்களா, குளிக்குதுங்களா?" என்று ஆயாம்மா துடைத்துத் துடைத்து அலுத்துக்கொண்டாள். பட்டன் டீச்சர் மட்டும் நாள் முழுக்கப் பன்னுவைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டாள். யாராவது நெருங்கினால் அவன் சார்பில் அவளே, "போ, தள்ளாதே" என்று சொல்லிக் காட்டினாள். தண்ணீர் குடிக்கப் போகும்போது கூடத் திரும்பித் திரும்பிப் பார்ப்பாள். வீட்டுக்கு வந்தால் தங்கை முகம் கொடுத்துப் பேசுவதில்லை. கடித்தவன் பெயர் மட்டுமல்ல, கடி வாங்கியவன் பஸ் ஓட்டிய கதையையும் அவளால் சொல்ல முடியாது. ஒன்றைச் சொன்னால் மற்றது தானே வெளியே வந்துவிடும்.

அதற்குப் பிறகு ஒருநாள் தொட்டியருகே மறுபடி பஸ் கிளம்பியது. அவள் இரண்டு எட்டுத் தள்ளி இருந்தாள். பன்னு திரும்பினான், வாயைத் திறந்தான்.

"போ!"

அறையே திரும்பிப் பார்த்தது. அவன் வாயிலிருந்து அத்தனை பெரிய சத்தம் அதுவரை வந்ததில்லை. குச்சி திகைத்து நின்றான். பிறகு, "ரிவர்ஸ், ரிவர்ஸ்" என்று சொல்லிக்கொண்டே பின்னால் போனான். பட்டன் டீச்சர் ஈரத்தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "என்ன டீச்சர், மயக்கமா?" என்று ஆயாம்மா துணியோடு ஓடி வந்தாள்.

பருவம் முடிகிற வரைக்கும் கடி இல்லை. கடைசி நாளன்று மேடம், "அடுத்த பருவத்துக்கும் அந்தப் பையன் இடம் அப்படியே இருக்கட்டும்" என்று போகிறபோக்கில் சொன்னார்.

அன்று குச்சியை அழைத்துப்போகத் தங்கையே வந்திருந்தாள். மூவருமாக பஸ்ஸில் உட்கார்ந்தார்கள். குச்சி கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்த பஸ் டிரைவருக்கு யோசனை சொல்லிக்கொண்டிருந்தான்.

"பேர் வேண்டாம்" என்றாள் தங்கை, ஜன்னலைப் பார்த்தபடி. "கடிச்ச பிள்ளை இருக்கா, அனுப்பிட்டாங்களா? அதையாவது சொல்லுவியா?"

"இருக்கு."

 தங்கை குச்சியின் சட்டைக் கையை இழுத்துவிட்டாள். அங்கே இப்போது ஒரு தழும்பும் இல்லை.

"நான் குரூப்ல போட்டதை அவங்கம்மா பாத்திருப்பாங்கல்ல? அழுதிருப்பாங்க, பாவம்."

அம்மா இல்லை, அப்பா மட்டும்தான் என்று நுனி நாக்கு வரை வந்துவிட்டது அக்காவுக்கு. விழுங்கிக்கொண்டு, "படத்தை எடுத்துடேன்" என்றாள்.

"போட்ட அன்னிக்கே எடுத்துட்டேன்" என்றாள் தங்கை.