மாமியின் முழங்காலும் நான் விற்காத எண்ணெயும்

கல்முனைப் பிரதான வீதியில் எனக்கு ஒரு பாமசி இருக்கிறது. இருக்கிறது என்று நான் சொல்லிக்கொள்வதோடு சரி. மருந்தாளராகப் பதிவு பெற்றவள் என் மனைவி. அவளுடைய பதிவு இல்லாவிட்டால் அந்தக் கடையில் ஒரு இருமல் பாணிப் போத்தலைக்கூட நான் தொட முடியாது. வீடும் அவளுடையதுதான். எங்கள் பக்கம் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை இரண்டு சாரனை மடித்து வைத்துக்கொண்டு போய்ச் சேருவான். நானும் அப்படித்தான் போய்ச் சேர்ந்தேன். கூரையும் அவளுடையது, உரிமமும் அவளுடையது. காசு லாச்சிக்குப் பின்னால் உட்கார்ந்து வாற போறவர்களிடம் பகிடி விடுவது மட்டும் முழுக்க முழுக்க என் சொந்தத் திறமை.

இப்படிப்பட்ட ஒருவனிடம்தான் சட்டத்தைக் காப்பாற்றும் பொறுப்பை அல்லாஹ் ஒருநாள் ஒப்படைத்தான்.

என் சகலன், அதாவது மனைவியின் தங்கையைக் கட்டியவர், என்னை அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடுகிறவர், அறுகம்பேயில் ஒரு தங்குமிடம் நடத்துகிறார். அலைச்சறுக்க வருகிற வெள்ளைக்காரர்கள் போகும்போது அறையில் எதையாவது விட்டுப் போவார்கள்: செருப்பு, புத்தகம், பாதி தீர்ந்த களிம்பு. ஒருமுறை சொட்டு விடுகிற மூடி போட்ட சின்னப் போத்தல் ஒன்றை யாரோ விட்டுப் போனார்கள். மூட்டுவலிக்கு நல்லது என்று சொன்னார்களாம். சகலன் அதை எங்கள் மாமிக்கு, அதாவது என் மனைவியின் உம்மாவுக்கு, கொண்டுவந்து கொடுத்தார். மாமிக்கு முழங்கால் வலி. அந்த வலி எங்கள் வளவில் ஒரு தனி ஆள் மாதிரி. அதற்கும் சேர்த்துத்தான் நாங்கள் நாற்காலி போடுவோம்.

"வெளிநாட்டு மூலிகை எண்ணெய் மாமி. நல்லாத் தேச்சுப் பாருங்க" என்றார் சகலன். என்ன மூலிகை என்று சொல்லவில்லை. மாமியும் கேட்கவில்லை.

கேட்காவிட்டாலும், எந்த எண்ணெயையும் ஓதாமல் உடம்பில் வைக்கிற ஆள் இல்லை மாமி. போத்தலைப் பள்ளிவாசல் லெவ்வையிடம் அனுப்பினார். அந்த நல்ல மனிதர் மூடியைத் திறந்து, ஓதி, மூன்று முறை ஊதித் திருப்பி அனுப்பினார். லேபிலை வாசிப்பது அவருடைய வேலை இல்லை. ஓதின எண்ணெயைத் தனியாக வைத்துக்கொள்வது எங்கள் பெண்களுக்குக் கருமித்தனம். பரக்கத் என்கிற அருளைப் பகிர வேண்டும். போத்தலோ விரல் அளவு. ஆகவே மாமி அதைத் தேங்காய் எண்ணெயில் கலந்து பெருக்கி, பழைய மருந்துப் போத்தல்களில் நிரப்பி, பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கொடுத்தனுப்பினார். பழைய மருந்துப் போத்தல்கள் எங்கள் பாமசியுடையவை. எங்கள் லேபிலோடு.

இரண்டொரு நாளில் மாமி மதிலைப் பிடிக்காமல் நடந்தார். எண்ணெயா, ஓதலா, தேய்த்த கையா, எது வேலை செய்தது என்று எனக்குத் தெரியாது. நடந்தது உண்மை.

குசினி ஜன்னலில் கிடந்த வெற்றுப் போத்தலை என் மனைவி கண்டது அதற்குப் பிறகுதான். லேபிலில் ஐந்து விரல் விரித்தாற்போல ஒரு இலைப் படம். அதற்குக் கீழே சிபிடி என்று ஆங்கிலத்தில் மூன்று எழுத்து.

"உம்மா, இது எங்கால வந்த?"

"சின்ன மருமகன் தந்த கா. ஓதி எடுத்த எண்ணெய். நீயும் ஒரு சொட்டுப் பூசிப் பாரு."

"கஞ்சாச் செடியில எடுக்கிற எண்ணெய் உம்மா இது!"

மாமி நெஞ்சில் கை வைத்தார். "அஸ்தஃபிருல்லாஹ்! லெவ்வை ஓதித் தந்தவரே!"

"லெவ்வை ஓதினா சட்டம் மாறுமா?"

பிறகு எங்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்துச் சொன்னாள். சிபிடி என்பது அந்தச் செடியில் இருக்கிற, வெறி ஏற்றாத சரக்கு. சில நாடுகளில் அதைக் கடையில் பகிரங்கமாக விற்கிறார்கள். ஆனால் இங்கே சட்டம் வெறி இருக்கிறதா என்று பார்ப்பதில்லை, எந்தச் செடி என்று பார்க்கிறது. செடி அதுவென்றால் அதன் எண்ணெயும் அதுதான். ஆயுர்வேத வைத்தியருக்கு அனுமதியோடு ஒரு தனி வழி இருக்கிறது. மற்ற மருந்தென்றால் கொழும்பில் பதிவாக வேண்டும். பதிவாகாத மருந்தைப் பாமசி வாங்கவும் கூடாது, விற்கவும் கூடாது.

"எங்கட லேபில் ஒட்டின போத்தல் ஊருக்குள்ள சுத்துது. ஆராவது கொண்டுபோய்க் காட்டினா என்ட பதிவு போயிரும். பதிவு போனாக் கடை இல்ல" என்றாள். பகிடி விட இருந்தவன் எழும்பிச் சட்டையை மாட்டினேன்.

போத்தல்களைத் திருப்பி எடுக்க நான்தான் அனுப்பப்பட்டேன். ஓதின எண்ணெயைத் திருப்பிக் கேட்டு வீடு வீடாகப் போன ஒரே மருமகன் இந்தக் கரையோரத்தில் நானாகத்தான் இருப்பேன். "மாமியோட கோவமா மனே?" என்று ஒரு வீட்டில் இரக்கப்பட்டார்கள். இன்னொரு வீட்டில், "முடிஞ்சி போச்சி மகன்" என்று சொன்ன அந்த வீட்டு உம்மாவின் கணுக்கால் எண்ணெயில் மினுமினுத்தது. கிடைத்ததை எல்லாம் தென்னை மரத்தடியில் ஊற்றினோம். ஓதினதைச் சாக்கடைக் கானில் ஊற்றக் கூடாதே.

சரக்கு போய்விட்டது, புகழ் போகவில்லை. சந்தைக்கு வருகிற பெண்கள் பாமசிக்குள் எட்டிப் பார்த்து, "மாமிர எண்ணெய் இரிக்கா?" என்று கேட்கத் தொடங்கினார்கள். இந்தச் செய்தி அறுகம்பே வரைக்கும் போனது. ஒரு நாள் பகல் சகலன் வேனில் வந்து இறங்கினார். ஒரு பெட்டியைத் தூக்கி என் மேசையில் வைத்தார். திறந்தால் அதே இலை, அதே மூன்று எழுத்து, வரிசை வரிசையாக.

என் மனைவி பின்னறையில் லுஹர் தொழுதுகொண்டிருந்தாள். கடையில் இறக்காமத்திலிருந்து சீனி வருத்தக் குளிசை வாங்க வந்த வயல்காரப் போடியார் ஒருவர் மட்டும் பெஞ்சில் இருந்தார்.

"ஒரு வெள்ளக்காரன்கிட்ட சொல்லி எடுப்பிச்சன் காக்கா. இதுல வெறி இல்ல. லேபில்லயே போட்டிரிக்கி. அவனுகட நாட்டுல பல்லுப் பேஸ்ட்டுக்குப் பக்கத்துல வெச்சி விக்கிறானுகள்."

"அங்க விக்கட்டும் தம்பி."

"அங்க உள்ளவனுக்குத்தான் முழங்கால் இரிக்கா? இங்க உள்ளதெல்லாம் மரக்கட்டையா?"

கேள்வி நியாயமானது. இப்படியான நேரங்களில் நான் வழக்கமாகச் சொல்வது, "அவவைக் கேளுங்க." அன்றைக்கு அவள் தொழுகையில். தொழுகிறவள் குறுக்கே கதைக்க முடியாது. ஆனால் குனியும்போது சொல்கிற "அல்லாஹு அக்பர்" என்பதைக் கொஞ்சம் உரக்கச் சொல்லலாம். பின்னறையிலிருந்து அது வந்தது. கண்ணாடி அலுமாரி அதிர்ந்தது.

"பெட்டிய எடுங்க தம்பி" என்றேன்.

"ஊர் சொல்றது சரிதான் காக்கா. நீங்க பொஞ்சாதிக்குப் பயந்த ஆள்."

"ஓம், பயம்தான். அவவுக்கும் பயம், சட்டத்துக்கும் பயம். பயந்து பயந்தே சொல்றன். இந்தப் பெட்டி இந்தக் கடையில இரிக்காது. அவவுட பேர வெச்சி நான் சூது ஆட மாட்டன்."

பெஞ்சிலிருந்த போடியார் மெதுவாகச் சொன்னார்: "எங்கட வயல் வட்டைக்குள்ள ஆனை வந்தாலும் இப்பிடித்தான். கால் நடுங்கும். ஆனா வெள்ளாமைய விட்டுப் போக மாட்டம்."

அந்தப் பேச்சு எனக்குள் ஒரு வீரனை எழுப்பிவிட்டது. பெட்டியை நானே தூக்கிக்கொண்டு வேனுக்கு நடந்தேன். வைத்துவிட்டு நிமிரும்போது இடுப்பில் 'மளுக்' என்று ஒரு பிடி. நிமிரவும் முடியவில்லை, குனியவும் முடியவில்லை.

சகலன் ஒரு போத்தலை எடுத்து ஆட்டிக் காட்டினார். "ஒரு சொட்டுப் பூசவா காக்கா?"

"செத்தாலும் வேணாம்" என்றேன், தார் ரோட்டைப் பார்த்தபடி. அதைத் தவிர வேறு எதையும் பார்க்கக்கூடிய நிலையில் நான் இல்லை.

எங்கள் ஊரில் சட்டத்தை மீறுகிறவனுக்குத் துணிச்சல்காரன் என்று பேர். மீற மாட்டேன் என்று நிற்கிறவனுக்குப் பேர் பயந்தாங்கொள்ளி. சரி, வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் என் சொந்தக்காரர், என் அயலார், என் சொந்த இடுப்பு எல்லாம் ஒரு பக்கம் நிற்க, மறுபக்கம் தனியாக நின்று பாருங்கள். இந்தப் பயத்துக்கு எவ்வளவு நெஞ்சு வேண்டும் என்று தெரியும். இந்தச் சட்டம் நல்ல சட்டம் என்றும் நான் சொல்லவில்லை. பாமசிகளைப் பார்க்க வந்த அதிகாரியிடமே கேட்டேன்: "வெறி இல்லாத எண்ணெய்க்கு எப்ப சேர் பதிவு குடுப்பீங்க?" அவர் அலுமாரிகளை இன்னொரு தரம் பார்த்துவிட்டு, "என்னத்துக்குக் கேக்கிறீங்க?" என்றார். "மாமிர முழங்காலுக்கு" என்றேன். மனைவி என் காலை மிதித்தாள். மிதித்தாலும் அடுத்த முறையும் கேட்பேன். மாறினால் முதல் போத்தலை நானே விற்பேன். மாறும்வரை ஒரு சொட்டுக்கூட இல்லை.

சகலன் பெருநாள் வரைக்கும் என்னோடு கதைக்கவில்லை. பெருநாளன்று வந்து கட்டிப்பிடித்து ஸலாம் சொல்லிவிட்டு, காதுக்குள், "பெட்டி இன்னும் இரிக்கி காக்கா" என்றார். நானும் பிடியை விடாமல் அவர் காதுக்குள் சொன்னேன்: "அங்கேயே இரிக்கட்டும்."

மாமிக்கு வலி திரும்பி வந்துவிட்டது. ஆயுர்வேத ஆஸ்பத்திரியில் தந்த தைலத்தைத்தான் இப்போது தேய்க்கிறார். அதன் மணத்துக்கு வளவுப் பூனை கூட மதில் ஏறிப் போய்விடுகிறது. காலையில் நான் கடைக்குப் புறப்படும்போது கேட்பார்:

"சட்டம் மாறிட்டா மனே?"

"இல்ல மாமி."

"அப்ப என்ட முழங்கால் ஆர்ர சட்டத்துல நோகுது?"

"தைலத்தப் பூசுங்க மாமி."

"இது நாறுது."

"நாறட்டும். அது பதிவு பண்ணின நாத்தம்."

"நாத்தத்துக்கும் பதிவா, யா அல்லாஹ்!" என்று திட்டிக்கொண்டே மாமி காலை நீட்டுகிறார். நான் போத்தலின் மூடியைத் திறந்து கொடுத்துவிட்டு, மூக்கைப் பொத்திக்கொண்டு கடை திறக்கப் போகிறேன்.